வெல்லத் தண்ணீர் செய்த வேலை

வெல்லத் தண்ணீர் குடித்தவர்களும் அமோகமாக ஊதினார்கள். அதுதான் ஹரீஷ்குமாரின் தலைவலி.

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கிரானைட் பட்டறைத் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பத்துப் பேர். ஐந்து பேருக்கு ஆடாதோடையும் தூதுவளையும் சேர்ந்த சாறு. மற்றவர்களுக்கு அதே நிறத்தில் வெறும் வெல்லத் தண்ணீர். யாருக்கு எது என்று சொல்லவில்லை. ஊதிப் பார்க்கையில் சாறு குடித்தவர்களின் மூச்சு அளவு மட்டும் ஏறினால் ஹரீஷுக்கு டாக்டர் பட்டம். ஏறும் என்பதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. சந்தேகப்படுகிற பழக்கமே அவன் பரம்பரையில் கிடையாது.

ஆனால் பத்துப் பேருக்கும் ஏறிவிட்டது.

"வெல்லத்துக்கே பட்டம் கொடுத்துடலாமா?" என்றார் போனில் பேராசிரியை அருணா. "அடுத்த மாசம் கமிட்டி வருது. அதுக்குள்ள சரி பண்ணலேன்னா உன் ஆராய்ச்சியை மூடிடுவாங்க."

ஹரீஷ் பைக்கை விரட்டினான். பத்துப் பேரில் ஒருவரான ஆஞ்சப்பன் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். நடுவில், காலையும் மாலையும் ஊதி அளவு பார்க்க அவன் கொடுத்திருந்த பிளாஸ்டிக் குழாய்.

"மாரிசாமி நானூறு ஊதிட்டான் சார்! தோத்தவன் எல்லாருக்கும் போண்டா வாங்கணும், அதான் இங்க ரூல்" என்றார் ஆஞ்சப்பன். "இப்பெல்லாம் எங்க வீட்டுல இருமற சத்தமே கிடையாது."

"அது இருக்கட்டும். நான் கொடுத்தது ஆன்டி ஆக்சிடன்ட் மருந்து. நுரையீரல் துருப்பிடிக்காம காக்கும். அவங்கவங்க பாட்டிலை அவங்கவங்கதானே குடிக்கிறீங்க?"

ஆஞ்சப்பனின் மனைவி சரசம்மா முன்னால் வந்தார். "அஞ்சு பாட்டிலு கசக்குது, அஞ்சு பாட்டிலு இனிக்குது. ஒரே ஊருக்குள்ள பாரபட்சம் பாக்கலாமா தம்பி? எல்லாத்தையும் ஒரே குண்டான்ல ஊத்தி, கோயில் கூழ் மாதிரி வீட்டுக்கு ஒரு பங்கு பிரிச்சுட்டோம்."

 ஹரீஷ் அசரவில்லை. எல்லாமே கசந்தால் யார் கலக்கப்போகிறார்கள்? வெல்லத் தண்ணீரில் வேப்பிலைச் சாற்றை ஊற்றினான்.

"வேப்பிலைலயும் அதே சத்துதான்டா இருக்கு!" என்று போனில் அலறினார் அருணா. "இப்போ பத்துப் பேருக்கும் மருந்து கொடுத்திருக்கே!"

மறுபடியும் வெல்லத் தண்ணீர். இந்த முறை தினமும் விடியற்காலையில் பால் சொசைட்டி வாசலில் நின்று, ஒவ்வொருவரும் விழுங்குகிறவரை அவனே பார்த்தான். பந்தயத்துக்காகக் கள்ளக் கணக்கு எழுதுவார்கள் என்று ஊதுகிற குழாயையும் பிடுங்கிக்கொண்டு போனான். இனி வெற்றி நிச்சயம்.

மாதக் கடைசியில் அளந்து பார்த்தால், பத்துப் பேருக்கும் சொல்லிவைத்த மாதிரி மூச்சு இறங்கியிருந்தது. கமிட்டிக்கு இரண்டே நாள். ஹரீஷுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போனான்.

"என் கண்ணு முன்னாடிதானே குடிச்சீங்க? அப்புறம் ஏன் இப்படி?"

"ஊதற குழாயைப் பிடுங்கிட்டுப் போயிட்டீங்களே சார்" என்றார் ஆஞ்சப்பன் பரிதாபமாக. "காலையும் சாயங்காலமும் தம் கட்டி ஊதுவோம், நெஞ்சு நல்லா திறந்துக்கும். இப்போ பந்தயமும் இல்ல, போண்டாவும் இல்ல."

"வெறுமனே ஊதினா ஏறிடுமா? முதல் மாசம் குண்டான்ல கலந்திருந்தாலும் உங்க பங்குல பாதி என் சாறுதானே? அது வேலை செஞ்சிருக்கு. அதை மட்டும் யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது!"

ஆஞ்சப்பன் மனைவியைப் பார்த்தார். பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மாடு இருமியது. கூடவே இன்னொன்றும் இருமியது.

"வேலை செஞ்சது நெசந்தான் தம்பி" என்றார் சரசம்மா. "வீட்டுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சது மாட்டுக்குத்தான். நீங்க அதை எங்க வாயில ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து, பாவம், அதுங்களுக்கு மறுபடியும் இருமல் வந்துடுச்சு."