அன்லிமிடெட்டை அளந்தவர்

வேகம் பார்ப்பவர் என்றொரு இனம் இருக்கிறது. அவருக்கு இணையம் தேவையில்லை. அதன் வேகம் தெரிந்தால் போதும். படம் பார்க்க மாட்டார், பாட்டுக் கேட்க மாட்டார், யாருக்கும் ஒரு வரி எழுதி அனுப்ப மாட்டார். ஆனால் விடிந்ததும் பல் துலக்கும் முன்பே கைபேசியில் வேகம் காட்டும் வட்டத்தைத் திறந்து, முள் நடுங்கி நடுங்கி ஏறுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, அது நாற்பத்தெட்டில் நின்றதும், "நூறு தரேன்னுதானே சொன்னான்" என்று சுவரிடம் முறையிட்டுவிட்டுத்தான் வாயே கொப்பளிப்பார். இப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

நாம் பார்க்கப்போகிறவர் சர்வேயர். முப்பது வருடமாக ஊரார் மனைகளை அளந்து எல்லைக்கல் நட்டவர். அவரிடம் போய் 'அன்லிமிடெட்' என்று சொல்லி ஓர் இணைப்பைக் கொடுத்தால் சும்மா விடுவாரா? கூடத்தில் நின்று அளந்தார். அடுக்களை வாசலில் அளந்தார். குளியலறைக் கதவு சாத்தியிருக்கும்போது ஒன்று, திறந்திருக்கும்போது ஒன்று என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதினார். ரவுட்டர் பெட்டி அலமாரியிலிருந்து ஃபிரிட்ஜ் தலைக்கும், அங்கிருந்து பீரோ தலைக்கும் குடிபெயர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம் நலம் விசாரிப்பதும் மாறிப்போயிற்று.

"வாங்க, உக்காருங்க. உங்க வீட்ல எவ்வளவு வருது?"

வேகம் குறைந்தால் யார் மேலாவது சந்தேகப்பட வேண்டுமே. மனைவி பார்க்கும் தையல் வீடியோ, பக்கத்து வீட்டுக்காரர், மழை, புதிதாக மாட்டிய திரைச்சீலை என்று எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். தன்னை மட்டும் ஏற்றவில்லை. அளக்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு அழைப்பு வந்தது. இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பெண். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கடைசி நேர்காணல். அந்த வீட்டில் கைபேசி சிக்னல் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வராது. இந்த ஒரு இணைப்பைத்தான் நம்பவேண்டும். பெற்ற பாசம் இல்லையா? ஒரு மணிக்கு ஒரு தடவை அளந்தவர் கால் மணிக்கு ஒரு தடவை அளக்க ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை முள் இரண்டில் படுத்துவிட்டது. எழவே இல்லை.

அவர் போட்ட சத்தத்தில் கம்பெனியிலிருந்து லைன்மேன் மறுநாளே வந்துவிட்டார். மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"லைன்ல ஒண்ணும் இல்ல சார். மாசத்துக்கு உண்டான அளவு முடிஞ்சிருச்சு. அதனால வேகத்தைக் குறைச்சிட்டாங்க. ஒண்ணாம் தேதிதான் திரும்பும்."

"அன்லிமிடெட்டுக்கு ஏதுய்யா அளவு?"

"நோட்டீஸ்ல பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கும் சார். யாரும் படிக்கிறதில்ல." பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். "இந்த ஒரு போன்தான் பாதிக்கு மேல இழுத்திருக்கு. யாருது?"

மனைவி எட்டிப் பார்த்தாள். மகள் எட்டிப் பார்த்தாள். சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

"என்னுதுதான். ஆனா நான் ஒரு படம்கூடப் பாக்கறதில்லையே."

"பின்ன என்ன பண்ணுவீங்க?"

"அளப்பேன்."

"ஒவ்வொரு தடவை அளக்கறதுக்கும் ஒரு குட்டிப் படம் அளவுக்கு இழுக்கும் சார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அளப்பீங்க?"

நோட்டில் கணக்கு இருந்தது. ஆனால் நோட்டை எடுக்க அவர் எழுந்திருக்கவில்லை. மகள் அவரைத் திட்டாமல், நாளை நேர்காணலுக்கு இது தாங்குமா என்று லைன்மேனிடம் கேட்டாள். அதுதான் அவருக்கு ஆறவில்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

"வேற யாரும் தொடாம இருந்தா, ஒரு ஆளு பேசறதுக்கு இது தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் லைன்மேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மனைவி தன் கைபேசியையும் டிவியையும் அணைத்தாள். சர்வேயர் தன்னுடையதை அணைத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. ஒருமுறை சட்டென்று நின்றது. சிக்கிவிட்டதா, யோசிக்கிறாளா? தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். குரல் மறுபடி கிளம்பியது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தார், பாவம்.

கதவு திறந்தது. மகள் முகமெல்லாம் சிரிப்பு.

"திங்கக்கிழமையே சேரச் சொல்லிட்டாங்கப்பா. ஒரு இடத்துலகூட நிக்கல."

சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். மனம் நிறைந்துதான் இருந்தது, ஓர் ஓரத்தைத் தவிர.

"அப்ப எவ்வளவு வந்திருக்கும்னு நினைக்கிற?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இரண்டாவது பத்தி படிக்கும்போதே, நம் வீட்டில் இப்போது எவ்வளவு வருகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?