நாலு அங்குலம்

இனி எதற்கும் குனிய மாட்டேன் என்று அறுபத்திரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்த மறுநாள் முடிவெடுத்தேன்.

ஆபீசில் மேனேஜர் முன்னால் குனிகிறேன். வீட்டில் மனைவி செல்லக்கிளி முன்னால் குனிகிறேன். பட்டாளத்தில் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசையாக வாங்கினேன். அதன் ஹாண்டில் பாரும் தாழ்ந்து கிடந்தது. ஞாயிறுதோறும் கன்னிவாடிக்குச் சீட்டாடப் போய்த் திரும்புவதற்குள் முதுகு விட்டுப்போகும். வாரத்தில் எனக்கென்று இருந்ததே அந்த ஒரு நாள். அவளுக்கு அதுவும் பொறுக்காது.

ஹாண்டில் பாருக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கலாம் என்றான் தெருக்கோடியில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் உடையப்பன். ரெண்டு அங்குலமா, நாலா என்று கேட்டான். வீட்டில் வந்து சொன்னேன்.

"ரெண்டு போதுங்க" என்றாள் செல்லக்கிளி.

"நாலு."

"நாலு வச்சா பாக்க நல்லாவா இருக்கும்?"

"என் வண்டி, என் முதுகு!"

"ரெண்டுதான். அம்புட்டுத்தேன்."

"நாலுதான்டி!"

"சரி, உங்க இஷ்டம்."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைக் கேட்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாயசம் வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

சனிக்கிழமை வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். முதுகு நேராக நின்றது. தெருவை ரெண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

ஞாயிறு காலை ஹாண்டில் பார் ஒருபக்கம் திரும்பியபடி அசையாமல் நின்றது. கட்டையைப் பார்த்தேன். அதில் ஒரு சாவித் துவாரம்! பட்டறைக்கு ஓடினேன்.

"ஏலே உடையப்பா, என்னடா இது?"

"பூட்டுண்ணே. வண்டி களவு போயிரும்னு மதினி போன வாரமே வந்து சொன்னாக. ரெண்டு அங்குலத்துல பூட்டுக்கு எடம் பத்தாது, நாலு வேணும்னேன். 'அத அவரே கேட்டு வாங்குவாரு, நீ வேலையப் பாரு'ன்னுட்டாக."

"இன்னொரு சாவி போடுடா!"

"நம்மூர்ப் பூட்டுண்ணே. மாத்துச் சாவி போட முடியாது, ஒரே சாவிதேன். மதினிட்ட இருக்கு."

என் ஆயுளில் நான் ஜெயித்த ஒரே சண்டை அவள் ஏற்பாடு. நடுத்தெருவில் நின்று அழலாம்போல் இருந்தது.

வீட்டில் அவள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடு."

"கையெல்லாம் கறைங்க. இடுப்புலதான் இருக்கு. குனிஞ்சு எடுத்துக்கங்க."

குனிந்தேன்.

"குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க, அப்படியே உக்காந்து அந்த முருங்கைக்கீரைய ஆஞ்சு குடுத்துருங்க."