தூக்குச்சட்டியில் வந்த உளுந்து

ஒரு காட்டில் சிங்கம் நகராட்சித் தலைவராக இருந்தது. திடீரென்று ஒருநாள் பிளாஸ்டிக் கவருக்குத் தடை போட்டது. தடை ஓடை வரைக்கும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் நகராட்சி எல்லைக்குள் வராது.

இந்தப் பக்கம் காட்டுக்கோழி ராக்கம்மா இட்லிக்கடை வைத்திருந்தாள். அந்தப் பக்கம் நரி சடையாண்டியின் கடை. அவன் இட்லியை விட்டெறிந்தால் மாங்காய் விழும். ஆனால் சாம்பாரைக் கவரில் கட்டிக் கொடுத்தான்.

"பாத்திரம் கொண்டாந்தீங்களாண்ணே?" என்று ராக்கம்மா கேட்டால் போதும், கரடி தலையைச் சொறியும்.

"சும்மா நடக்கத்தான் கிளம்பினேன் தங்கச்சி. வர்ற வழியிலதான் பசிச்சுது." ஓடையைத் தாண்டிப் போய்விடும்.

வாரம் முழுக்க மாவு புளித்தது. வீட்டில் எட்டுக் குஞ்சுகள். புளித்த மாவில் எத்தனை நாள் தோசையே சுட்டுப் போடுவது? இனிக் கடையை மூட வேண்டியதுதான் என்று ஆனபோது, தன் வீட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவி, சாம்பாரை ஊற்றிக் கரடியிடம் நீட்டினாள். "நாளைக்குக் கொண்டாந்து குடுங்க."

மறுநாள் தூக்கு கனமாக வந்தது. திறந்தால் கழுத்துவரை உளுந்து.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கலாமான்னு உன் மதினிதான் போட்டுவிட்டா" என்றது கரடி.

ராக்கம்மா இன்னும் இருபது தூக்கு வாங்கினாள். முயல் வீட்டில் சண்டையே நடந்தது. "கரடி வீட்டுல உளுந்து போட்டிருக்காங்க. நாம கீரையை அனுப்பினா என்ன நினைப்பாங்க?" என்றாள் முயலின் மனைவி. அரிசி போனது. மான் வீட்டிலிருந்து அதைவிட ரெண்டு பிடி கூடுதல். ராக்கம்மா சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சடையாண்டியும் தூக்கு வாங்கி அடுக்கினான். ஒருத்தரும் தொடவில்லை. "கவர் இருக்கையில கழுவுற வேலை எதுக்கு மாப்ள?" என்றது குரங்கு. கவரில் உளுந்து போட்டுத் திருப்பிக் கொடுத்தவர் எந்தக் காட்டிலும் இல்லை. தானாகக் கவரை நிறுத்தினாலோ கஞ்சன் என்பார்கள்.

நேரே சிங்கத்திடம் போனான். "தலைவரே, ஓடை மீனெல்லாம் கவரைத் தின்னு சாகுது. எனக்குச் சோறு எறங்கல. எங்க பக்கமும் தடை போடுங்க."

சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்தையும் நகராட்சியில் சேர்த்துத் தடை போட்டது. சுற்றுச்சூழல் காவலர் என்று சடையாண்டிக்குப் பொன்னாடையும் போர்த்தியது. பொன்னாடை கவரில்தான் வந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். ராக்கம்மா மட்டும் அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"தூக்கு எத்தனை அடுக்கி வச்சிருக்கீங்கண்ணே?"

"நாப்பது" என்றான் சடையாண்டி.

நீதி: இயற்கையைக் காப்பாற்ற யார் மனசும் திருந்த வேண்டியதில்லை, எதிர்க்கடையில் வியாபாரம் நன்றாக நடந்தால் போதும்.