எஸ் வாத்தியாரின் ஓட்டை அட்டை

வீட்டுக்காரி கூரியர் ஆபீஸ் வேலைக்குப் போவதை எப்படியாவது தடுத்துவிடுவது என்று எஸ் வாத்தியார் தீர்மானம் செய்தார். "போகாதே" என்று நேரில் சொல்லும் தைரியம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. ஆகையால் பரீட்சை வைத்துத் தடுக்கலாம் என்று முடிவு செய்தார்.

வீட்டு முன்னறையில் இங்கிலீஷ் டியூஷன் நடத்துபவர் அவர். ஒருமையா பன்மையா என்பதில் புலி. 'புக்'கா 'புக்ஸ்'ஸா, 'ஃபர்னிச்சர்' பின்னால் எஸ் போடலாமா கூடாதா என்று பதினோரு வருஷம் பிள்ளைகளின் உயிரை வாங்கியதற்குக் கிடைத்த பட்டம்தான் அந்த 'எஸ்'.

"கூரியர் ஆபீஸ்னா சும்மாவா? நாள் பூரா இங்கிலீஷ்ல லெட்டர் எழுதணும். ஒரு எஸ் விட்டுப்போனா மானம் போயிடும்."

"யார் மானம்?"

"என் மானம்தான்! எஸ் வாத்தியார் பொண்டாட்டின்னுதானே சொல்வாங்க?"

"சரிங்க. என்ன பண்ணலாங்கறீங்க?"

"இருபது கேள்வி தரேன். இருபதும் சரியா இருந்தா போ. ஒண்ணு தப்பினாலும் வேலைப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஆகட்டும்" என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. யோசித்தபோது காரணம் புரிந்தது.

டியூஷன் விடைத்தாள்களை இத்தனை வருஷமும் திருத்தியது அவள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டம். சரியான கட்டம் வரும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு அட்டை. அதைத் தாளின்மேல் வைத்து, ஓட்டைக்குள் டிக் தெரிந்தால் மார்க் போட வேண்டியது. புது அட்டை வெட்டச் சோம்பல்பட்டு, எல்லாப் பரீட்சைக்கும் விடைகளை அந்த ஒரே அட்டைக்குத் தகுந்தபடி அமைத்துவிடுவார் வாத்தியார். அந்த ஓட்டைகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கேள்வியைப் படிக்காமலே டிக் அடித்துத் தள்ளிவிடுவாளே!

"அதானே பாத்தேன்!" என்று துள்ளி எழுந்தவர், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக விடை வரிசையை மாற்றி, புது அட்டை வெட்டினார். கை வலித்தது. உள்ளதைச் சொன்னால், மானமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. பிள்ளைகள் வருவது சாயங்காலம்தான். அதுவரை அவள் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் நிதானமாக எழுதிக் கொடுத்தாள். அவர் அட்டையை வைத்தார். ஒன்று, இரண்டு என்று டிக்குகள் ஓட்டை ஓட்டையாக எட்டிப் பார்க்க, அவருக்கு வியர்த்தது. பதினான்காம் ஓட்டை மட்டும் காலி.

"பத்தொன்பது! ஒண்ணு போச்சேம்மா!" வருத்தப்படுகிற முகம் சரியாக அமையவில்லை.

"எங்க, அந்தக் கேள்வியைப் படிங்க."

படித்தார். ஒரு நல்ல அட்வைஸ் பற்றிய வாக்கியம். 'அட்வைஸ்' பின்னால் எஸ் வரவே கூடாது; எஸ் இல்லாத கட்டத்தில்தான் அவள் டிக் அடித்திருந்தாள். ஓட்டை பக்கத்துக் கட்டத்தில் இருந்தது.

"ஓட்டையை மாத்தி வெட்டிட்டீங்க. பழக்கமில்லாத வேலை பாருங்க."

"நீ... கேள்வியைப் படிச்சா எழுதின?"

"பின்னே? வெறும் ஓட்டையையே பாத்துட்டிருந்தா போரடிக்காதா? பதினோரு வருஷமா உங்க கேள்வி எல்லாத்தையும் படிக்கறேன். நீங்கதான் என்னை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. முன்னறையில் தொண்டை கிழியக் கத்தியும் பிள்ளைகளுக்கு ஏறாதது, உள்ளறையில் ஒருத்திக்கு ஏறியிருக்கிறது. இத்தனை நாள் அது தெரியாமல் இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பத்தொன்பது என்றே சாதித்திருக்கலாம். ஆனால் சரியான விடையைத் தப்பு என்று போட அவர் கை வரவில்லை. சிவப்பு மையில் இருபது என்று எழுதினார்.

"போம்மா. நாளைக்கே வேலைக்கு எழுதிப் போடு."

"அது போன வாரமே போட்டு, ஆர்டரும் வந்தாச்சுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"அப்போ எதுக்கு இந்தப் பரீட்சையை எழுதின?"

"அவ்வளவு ஆசையா உக்காந்து அட்டை வெட்டினீங்க. கெடுக்க மனசு வரல."