உறவுமுறை: தெரிந்தவர்

மச்சான் கலைவாணன் அவர்களின் மேலான சமுகத்திற்கு, பெரிய காஞ்சிபுரம் பஞ்சாட்சரம் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை காந்தாவும் எங்கள் மகள் துளசியும் நலம். அரக்கோணத்தில் எல்லோரும் நலமா? ஏழு வருஷமாகப் பேசாதவன் நலம் விசாரிக்கிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், நியாயம்தான்.

துளசி எட்டாவது படிக்கும்போது, பள்ளித் தலைமையாசிரியரான நீங்கள், "இவளுக்கு மூளை நல்லா இருக்குதுபா, எழுத்துதான் புடிபடல, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றீர்கள். "எம் பொண்ணு என்னா லூசா?" என்று கேட்டு உங்களைச் சாப்பிடக்கூட விடாமல் அனுப்பினேன். உண்மையில் அன்று நான் கவலைப்பட்டது துளசிக்காக இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன் மகளுக்கு எழுத வரவில்லை என்று தெரிந்தால் என் மானம் என்ன ஆவது என்றுதான் கவலைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னதையேதான் இப்போது கல்லூரியில் சொன்னார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே அங்கே ஓர் உதவி மையம் இருக்கிறது. சந்தியா மேடம் என்பவர் பொறுப்பு. அவர் துளசிக்கு எழுத்துக் குறைபாடு இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, பாடங்களைப் பதிவு செய்து போனில் கேட்கவைத்து, தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் வாங்கி, இவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு நதியா என்ற பெண்ணையும் ஏற்பாடு செய்தார். துளசி முதன்முறையாகச் சிரித்துக்கொண்டே கல்லூரிக்குப் போனாள். நானோ நதியா எந்தத் தெரு என்று விசாரித்தேன். எங்கள் தெருவேதான்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று பயந்து, வரலாற்றுத் தேர்வன்று காலையில் நதியாவிடம் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று ஒரு பொய், துளசியிடம் நதியாவுக்குக் காய்ச்சல் என்று இன்னொரு பொய் சொல்லி, எழுதுகிற ஆளாக நானே கிளம்பிவிட்டேன். "வேணாம்பா, சொந்தக்காரங்க எழுதக் கூடாதுபா" என்று கெஞ்சினாள். "சும்மா வா, எழுதறது எனக்குப் புதுசா?" என்றேன். படிவத்தில் உறவுமுறை என்று கேட்டிருந்த இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினேன். பெற்ற மகளுக்கு நான் தெரிந்தவர், மச்சான்!

"பரமேஸ்வரவர்மன் கூரம் கோயிலுக்கு நிலம் குடுத்தாரு, அத செப்பேட்டுல எழுதிவச்சாரு" என்று அழகாகத்தான் சொன்னாள். முப்பது வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. 'மேற்படி கூரம் கிராமத்தில் மேற்படி மன்னர் மேற்படி கோயிலுக்கு நிலம் வழங்கியுள்ளார் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்' என்று எழுதினேன். எல்லா விடைக்கும் இப்படியே எழுதி, முடிவில் 'ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து தக்க மதிப்பெண் வழங்குமாறு வேண்டுகிறேன்' என்று சேர்த்து, மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இது என்று காட்டும் பெருக்கல் குறியையும் பழக்கதோஷத்தில் போட்டுவைத்தேன்.

திருத்துகிறவரைக் கெஞ்சி எழுதுவது முறைகேடாம். விடைத்தாளை நிறுத்திவைத்து விசாரித்ததில் அந்தத் 'தெரிந்தவர்' யார் என்பதும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை விசாரணை. குற்றம் துளசி மேல் என்று முடிவானால் இந்தப் பருவத்தில் எழுதிய அத்தனை தேர்வும் ரத்து. நீங்கள் வந்து அவளுக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும். நான் பேசினால் அதுவும் மனுவாகிவிடும். அன்று உங்களை அவமானப்படுத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் குடும்பத்தைக் காமாட்சி அம்மன் குறையில்லாமல் காக்கட்டும். என் விஷயத்தில் அவள் யோசித்து முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம்

பி.கு.: மேற்கண்ட வேண்டுகோளை ரத்தானதாகக் கருதவும். தபாலில் சேர்க்கச் சொல்லித் துளசியிடம் கொடுத்தேன். வரிவரியாக விரல் வைத்து, அரை மணி நேரம் படித்தாள். "மாமா வர வேணாம்பா. நடந்தத நானே சொல்லிக்கிறேன். மேடம் கூட இருப்பாங்க" என்றாள். அப்புறம், "மாமாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கியே, எங்கிட்ட கேக்கவே இல்லியேபா" என்றாள். நான் உடனே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அதை நகர்த்தி வைத்துவிட்டு, "எழுதாதபா. வாயால சொல்லு" என்றாள். எதிரிலேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மச்சான். நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.