கசடைக் கும்பிட்ட கல்யாணம்

குமாரபாளையம் சம்பந்தி அப்புசாமி அவர்கள் சமூகத்துக்கு, வெண்ணந்தூர் சின்னுசாமி பணிவுடன் எழுதுவது. இங்கே மாடு கன்று உட்பட எல்லோரும் சௌக்கியம். தங்கள் வீட்டில் சௌக்கியம் இல்லை என்றும், அதற்கு நான்தான் காரணம் என்றும் கேள்விப்பட்டேன்.

ஆடிக்கு அழைத்து வந்த என் மகள் கிருத்திகாவை, ஆவணி முடியப்போகிறது, நீங்கள் கூப்பிட்டுப்போக வரவில்லை. பைக் சத்தம் கேட்டால் மாப்பிள்ளை அன்பரசுதான் என்று வாசலுக்கு ஓடுகிறாள். பால்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பெற்ற மனசு தாங்கவில்லை.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன் வழக்கப்படி, ரயில் பாதையோரம் நாட்டுக்கே சாட்சியாக நட்டிருக்கும் நாட்டுக்கல்லைக் கும்பிடப் போனால் கல்லையே காணோம். ரயில்வேக்காரர்கள் அதன் மேலேயே கருப்பாக ஒரு மலையைக் கொட்டியிருந்தார்கள். சீர் செய்யும் அருமைக்காரர், "ஏதோ ஒரு கல்லை எடுத்து வெய்யுங்க, நேரம் போவுதுங்க" என்றார். குவியலில் லட்சணமான ஒன்றை எடுத்து வைத்தேன். மஞ்சள், பொட்டு, பால் எல்லாம் ஆயிற்று. நீங்களே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தீர்கள். பந்தியில் உங்களுக்கு ரசம் ஊற்றும்போதா அந்த ரயில்வே மேஸ்திரி வரவேண்டும்? "ஏனுங்க, அது இரும்பு ஆலைக் கசடுங்க! இரும்பை வடிச்சது போவ மிஞ்சினது. தண்டவாளத்துக்கு அடியில ஜல்லிக்குப் பதிலாப் போட வந்ததுங்க. அதையப் போயி கும்புட்டுப்போட்டீங்களே!" என்று, பொட்டோடு தூக்கிப்போய்த் தண்டவாளத்தடியில் போட்டுவிட்டார். நீங்கள் இலையை மூடினீர்கள். அன்றிலிருந்து தறி மோட்டார் கருகியது, மாப்பிள்ளைக்குப் பல்வலி வந்தது, எருமை உங்களை உதைத்தது, எல்லாம் கசடால்தான் என்கிறீர்கள். அந்த எருமை போன வருசமும் உதைச்சுதுங்களே! கருங்கல் ஜல்லியைவிட இது கனமாம், ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் நகராதாம். நாமக்கல் ரயில் தெனமும் அது மேலதான் போவுதுங்க. அந்தக் கல்லே அசையலை, கல்யாணம் எப்படிங்க அசையும்?

இருந்தாலும் உங்கள் திருப்திக்காக, குவியலை அள்ளியதும் நிஜமான நாட்டுக்கல் முன் வெள்ளிக்கிழமை சீரை மறுபடி செய்துவிடலாம். வந்து பிள்ளையை அழைத்துப்போங்கள். மாப்பிள்ளையின் பல்லையும் எருமையின் காலையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள்
சின்னுசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது குவியலை அள்ளிவிட்டார்கள், நாட்டுக்கல் கிடைத்துவிட்டது. மேஸ்திரி காந்தத்தை வைத்தார்; ஒட்டிக்கொண்டது. "இதுவுங் கசடுதானுங்க. அந்தக் காலத்துல இங்க ஒலை வெச்சு இரும்பு காய்ச்சியிருக்காங்க" என்கிறார். எங்கள் ஊர்ப் பெண்ணான பாப்பாயி தங்கச்சியை நீங்கள் கட்டிக்கொண்டதும் இதைக் கும்பிட்டுத்தான். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு இரண்டு ஜோடி மாலை சொல்லிவிட்டேன். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அவரை மறுக்காவும் கட்டிக்கறதான்னு யோசிச்சுச் சொல்றனுங்ண்ணா" என்கிறது.