மெனிக்கே என்னை வேலைக்குக் கூட்டிப்போன நாள்

என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன பொய், "யானைக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும் சார்" என்பதுதான். மஹய்யாவையில் பிறந்து, கடன்பட்டு ஒரு வேனை வாங்கி, வெள்ளைக்காரர்களுக்குக் கண்டியைச் சுற்றிக்காட்டிப் பிழைப்பவன் நான். யானைச் சவாரிக்குப் போகும் வழியில் பின்சீட்டிலிருந்து யாராவது, "யானைக்கு இது கஷ்டமில்லையா?" என்று கேட்பார்கள். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யானையின் மனசைத் திறந்து காட்டுவேன். (யானைக்குப் பக்கத்தில் நான் நின்றதெல்லாம் வாழைப்பழச் சீப்பை நீட்டிவிட்டு ஓடுகிற நேரம் வரைக்கும்தான்.)

மகாவலிக் கரையில் இருந்த அந்தச் சவாரி இடத்தில் மெனிக்கே என்றொரு பெண் யானை. அவளுடைய பாகன் செல்லையா அண்ணன், புசல்லாவைத் தோட்டத்து ஆள். சீனி வியாதிக்காரர். கால் பெருவிரலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. யானையை விட்டுப் போனால் முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிடுவார், மாற்றாளும் கிடையாது என்பதால் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்கை ஏற்கெனவே இரண்டு தடவை தவறவிட்டிருந்தார். மூன்றாவது தேதி வந்தபோது விடாத மழை. சவாரிக்கு ஒரு ஈ காக்காய் இல்லை. முதலாளியும் கொழும்பில் இருந்தார்.

"தம்பி, நாலு மணி வரைக்கும் இவகூட நிப்பீங்களா? சும்மா நின்னா போதும்."

"யானையப் பத்தி எனக்குச் சொல்லணுமாண்ணே?" என்றேன். (வாய்க்கொழுப்பு. வேறென்ன?)

ஆஸ்பத்திரிக்கு வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கழற்றிய காக்கிச் சட்டையை என்னிடம் கொடுத்தார். "இதப் போட்டுக்கங்க. என் வாசம் இருந்தா சும்மா இருப்பா. கொக்கியில இருந்து சங்கிலிய மட்டும் எடுத்துராதீங்க."

அவர் போய் அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டேன்.

மெனிக்கே சங்கிலியை இரண்டு தடவை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பாவமாக இருந்ததால் கழற்றினேன் என்றுதான் பல காலம் சொல்லி வந்தேன். உண்மையில், பாகன் சட்டையைப் போட்டதுமே நான் பாகனாகிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் காலில் கட்டிய சங்கிலி தரையில் இழுபட, கொட்டிலை விட்டு வெளியே நடந்தாள். செல்லையா அண்ணன் சொன்னால் நிற்கிற அந்த "ஹோ!"வை நானும் சொன்னேன். ஆட்டுக்குட்டி கூட நின்றிருக்காது. மெதுவாக நழுவப் பார்த்தேன். தும்பிக்கை வந்து சட்டை நுனியைப் பிடித்தது. முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை, பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற பிடி.

ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி, நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்களை ஏற்றுகிற மேடைக்குப் போய், அவள் பக்கவாட்டில் ஒட்டி நின்றாள். மேடையில் யாரும் இல்லை. ஆனால் முதுகு ஒருமுறை லேசாகத் தாழ்ந்தது. சற்று நேரம் கழித்து இன்னொருமுறை தாழ்ந்தது. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் எப்படித் தாழுமோ அப்படியே. பிறகு, முன்னைவிட மெதுவாக, பாரம் சுமக்கிற நடையில் நடக்க ஆரம்பித்தாள். அவள் முதுகை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படம் பிடிக்கிற திருப்பத்தில் நின்று, மூட்டத்தைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கினாள். (பழக்கதோஷம், நானும் பல்லைக் காட்டினேன்.) அப்புறம் ஆற்றில் இறங்கிச் சரிந்து படுத்தாள். வெள்ளைக்காரர்கள் தேங்காய் மட்டையால் தேய்த்துவிடுகிற நேரம் அது. ஒருவரும் இல்லாததால், கொட்டும் மழையில் நானே தேய்த்தேன். திரும்பவும் மேடை, திரும்பவும் முதுகு இருமுறை தாழ்ந்தது. இப்படி ஐந்து சுற்று. யாரும் அவளை அதட்டவில்லை. அங்குசம் கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு விதமாக ஒரு நாளைக் கழிக்க அவளுக்குத் தெரியவில்லை. அது புரிந்தபோது பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

மூன்றரை மணிக்குத் தானாகவே கொட்டிலுக்குத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துக் குடையோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, என் வேனில் முதல் நாள் வந்தவர்கள், போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். மெனிக்கே என் பக்கம் திரும்பி, தரையில் கிடந்த சங்கிலி நுனியைத் தும்பிக்கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். "வேணாம்மா... வேணாம் தாயே..."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீடியோவை எனக்கும் அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அசையவில்லை. சின்னக் கண், இமைக்காமல் என்னையே பார்த்தது. சங்கிலியை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் புல்லில் வாய் வைத்தாள்.

நாலு மணிக்குச் செல்லையா அண்ணன் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். "ஒரு கிழமை, ஏழு நாளும், வார்டுல படுக்கச் சொல்றாங்க தம்பி. மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்." சங்கிலியைப் பார்த்தார். "அவ உங்ககிட்ட நல்லாத்தான் நின்னிருக்கா. நீங்க ஒரு கிழமை இருந்தீங்கன்னா..."

"எனக்கு ஹயர் இருக்குண்ணே, வேன் ஓட்டணும்."

அந்தக் கிழமை எனக்கு ஒரு ஹயரும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய விரலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் அந்த வீடியோ இன்றும் ஓடுகிறது. தட்டில் பாகற்காய் விழுந்தால் என் மகள் இரண்டு கையையும் கூப்பி, "வேணாம் தாயே" என்பாள். தீபாவளிக்கு வருகிற மச்சான்மார் முதற்கொண்டு எல்லோரும் செய்து காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீடியோ என் கும்பிடோடு நின்றுவிடும். போன தடவை மகள் கேட்டாள்:

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

"அப்புறமா? மழை கூடிருச்சு," என்றேன்.